“தற்செயலாக வெடித்துவிட்டது”

துவக்கு தற்செயலாக வெடித்துவிட்டது. இம் மூன்று சொற்களையும் நாம் எத்தனை முறை கேட்டுவிட்டோம்! பொலிஸ் அறிக்கையிலே கேட்டிருக்கின்றோம். பத்திரிகைச் செய்தியிலே படித்திருக்கின்றோம். நீதிமன்றக் கூண்டிலே நின்று ஓர் உத்தியோகத்தர் தலைகுனிந்து சொல்லவும் கேட்டிருக்கின்றோம். சில வேளைகளில் இதற்கு ஒரு முன்னுரையும் உண்டு. “துவக்கு சிக்கிக்கொண்டது, சிக்கலை எடுக்க முயன்றபோது வெடித்துவிட்டது” என்பார்கள். சொன்னவர் பொய் சொன்னார் என்று எடுத்த எடுப்பிலே நாம் கூற வரவில்லை. இயந்திரம் என்றால் பழுதுபடத்தான் செய்யும். பருத்தித்துறைக் கடற்காற்றிலே ஒரு மாரி முழுவதும் வெளியில் விட்ட சைக்கிளின் சங்கிலி என்ன ஆகின்றது என்பதை நம்மவர் அறிவர். அந்தக் காற்று பொலிஸ் நிலையத்து ஆயுதக் களஞ்சியத்துக்குள்ளும் புகும். ஆகவே பழுது இருக்கலாம். நாம் கேட்பது ஒன்றே: இயந்திரத்தில் பழுது என்றால் அந்தப் பழுது எங்கே? எடுத்துக் காட்டுங்கள்.

இக்கேள்வி கமக்காரனிடம் கேட்கப்படுகின்றது. அதை நாம் கண்ணாரக் கண்டோம். போர் முடிந்து சில ஆண்டுகளின் பின், வன்னியிலே வயல் செய்த ஒரு பெரியவருக்காக நாம் நீதிமன்றம் ஏறினோம். பன்றிக் காவலுக்கென முறைப்படி உரிமம் பெற்ற வேட்டைத் துவக்கு அவருடையது. ஒரு மாரி இரவில் வரம்பிலே பன்றி கண்டு விசையை இழுத்தார். ஊசி தட்டிய ஓசை மட்டும் கேட்டது, வேட்டு எழவில்லை. துவக்கைத் தாழ்த்திக்கொண்டு திரும்பினார். அந்தக் கணத்திலே நனைந்திருந்த ரவை காலந்தாழ்த்தி வெடித்தது. பக்கத்து வயற்காரரின் காலிலே சன்னங்கள் ஏறின. உயிருக்கு மோசமில்லை.

அன்றைக்கு அந்தப் பெரியவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளை நாம் இன்னும் மறக்கவில்லை. ரவை எப்போது வாங்கியது? எங்கே வைத்திருந்தீர்? மழைக்கு நனைய ஏன் விட்டீர்? துவக்கைக் கடைசியாகத் துடைத்தது எந்த நாள்? வேட்டு எழாதபோது குழலை வெளிப்பக்கம் பிடித்தபடி ஏன் காத்திருக்கவில்லை? எல்லாவற்றுக்கும் அவர் மறைக்காமல் விடை சொன்னார், தண்டம் கட்டினார், நட்டஈடு கொடுத்தார், துவக்கையும் இழந்தார். அவர் முறைப்பட்டுக்கொள்ளவில்லை. நாமும் முறைப்பட முடியாது. ஏனெனில் அத்தனையும் நியாயமான கேள்விகள். உயிர் குடிக்கும் கருவியைக் கையில் எடுத்தவன் அதன் உலர்வுக்கும் ஈரத்துக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். அரசாங்கத்தின் சம்பளம் பெற்று, அரசாங்கத்தின் துவக்கைத் தாங்கி, அரசாங்கத்தின் ரவையைச் சுடுபவரிடம் இவற்றுள் பாதியேனும் கேட்கப்படுகின்றதா? அதுதான் வழக்கு.

சட்டத்துக்குப் போகுமுன் இயந்திரத்தைப் பார்ப்போம். இயந்திரம் தெரியாத சட்டத்தரணி இத்தகைய வழக்கில் எதிராளியின் சொல்லை நம்பியே நிற்பான். இறைக்கும் மிசினைத் தாமே கழற்றிப் பூட்டும் நம் கமக்காரருக்கோ இது கடினமான பாடமன்று.

கைத்துப்பாக்கியில் இரண்டு இனம் உண்டு. ஒன்று சுழற்துப்பாக்கி, றிவோல்வர் என்பர். அது நம் பழைய துலாவைப் போன்றது. ஒரு ரவை வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், உருளை சுழன்று அடுத்த ரவை முன்னே வரும். மற்றையது அரைத்தானியங்கிப் பிஸ்டல். அது இறைக்கும் மிசினைப் போன்றது. தன் வெடிப்பின் விசையாலேயே தன் அடுத்த வேலையைச் செய்துகொள்ளும். விசையை இழுத்தவுடன் ஊசி போய் ரவையின் அடியைத் தட்டுகின்றது. மருந்து எரிந்து குண்டு முன்னே பாய்கின்றது. அதே உந்துதலாலே பிஸ்டலின் மேற்பகுதி பின்னே ஓடுகின்றது. ஓடும்போது ஒரு சிறு கொக்கி வெற்றுக்கோதைக் குழலிலிருந்து இழுக்கின்றது. ஒரு முளை அக்கோதைத் தட்டி வெளியே எறிகின்றது. பின்னர் சுருள்வில் மேற்பகுதியை முன்னே தள்ள, அது போகிற போக்கிலே பிடிக்குள் இருக்கும் ரவைக்கூட்டின் தலைமாட்டு ரவையை வாரிக்கொண்டுபோய்க் குழலிலே பூட்டுகின்றது. கண் இமைக்கும் நேரத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடும். ஒரு வேலை முடியாமல் அடுத்த வேலை நடவாது என்பதே இதன் சிறப்பும் சீரழிவும்.

சிக்கல்கள் இதிலிருந்துதான் பிறக்கின்றன. அனுபவசாலியான ஆயுதக் கம்மியர் முதலிலே பிஸ்டலைப் பார்க்க மாட்டார், ரவைக்கூட்டைத்தான் பார்ப்பார். ரவையைப் பற்றி நிற்கும் அதன் மேலுதடுகள் ஒரு மயிரிழை வளைந்திருந்தாலும், அடியிலுள்ள வில் தளர்ந்திருந்தாலும், ரவை சரிந்து முட்டிக்கொள்ளும். ஒவ்வொரு ரவைக்கூட்டுக்கும் இலக்கமிட்டு வைத்து, எந்த இலக்கத்தில் சிக்கல் திரும்பத் திரும்ப வருகின்றது என்று குறித்து வந்தால் குற்றவாளி தானே அகப்படுவான். கூட்டை மாற்றியும் சிக்கல் தொடர்ந்தால் நோய் பிஸ்டலில் இருக்கின்றது, அல்லது ரவையில் இருக்கின்றது. வெற்றுக்கோது வெளியேறாமல் புகைபோக்கி போல நட்டுக்கொண்டு நின்றால், கொக்கி தேய்ந்திருக்கலாம், மருந்து வலுவிழந்திருக்கலாம், பிடித்தவர் மணிக்கட்டைத் தளரவிட்டும் இருக்கலாம். கையும் கூடவே பின்னே போய்விட்டால் மேற்பகுதி முழுத் தூரம் ஓடாது.

வெடிக்க மறுத்த ரவையோ இன்னும் தெளிவாகப் பேசும். அதன் அடியில் ஊசி பதித்த குழியைப் பாருங்கள். குழி ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லையாயின் குற்றம் பெரும்பாலும் ரவையில். ஈரமோ எண்ணெயோ உள்ளே ஊறியிருக்கும். குழி மேலோட்டமாயின் குற்றம் பெரும்பாலும் வில்லில், அல்லது அழுக்கேறிய ஊசி வழியில். வைத்தியர் நாக்கைப் பார்த்து நோய் சொல்வதுபோல இது.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் விட்டால் எல்லாம் சரியாகும் என்பது லான்ட்மாஸ்டர் ஓட்டும் பிள்ளைகளின் எண்ணம். பிஸ்டலுக்கு அது பாதியே உண்மை. மிதமிஞ்சிய எண்ணெயிலே மணல் ஒட்டும். ஒட்டிய மணல் அரம் ஆகும். மணற்காட்டிலே மணற்குன்றுகளுக்கு நடுவே கடமை பார்க்கும் ஒருவரின் ஆயுதத்தை எத்தனை நாளுக்கொருமுறை கழற்றித் துடைக்க வேண்டும் என்று யாரேனும் ஓர் அதிகாரி தீர்மானித்திருக்க வேண்டும். தீர்மானித்திருந்தால் அது ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தைத்தான் நாம் தேடுகின்றோம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். மேலே கூறிய சிக்கல்களுள் எந்த ஒன்றாவது துவக்கைத் தானாக வெடிக்கச் செய்கின்றதா? இல்லை. சிக்கிய துவக்கு பேசாத துவக்கு. ஆபத்து வருவது அதன் பின்னர், சிக்கலை எடுக்கும் கையாலே. முதலில் விசையிலிருந்து விரலை எடுத்துக் குழலை ஆளில்லாத் திசைக்குத் திருப்ப வேண்டும். ஊசி தட்டியும் வெடிக்காதிருந்தால் அரை நிமிடமேனும் அப்படியே பொறுத்திருக்க வேண்டும். பின்னர் ரவைக்கூட்டைக் கழற்ற வேண்டும். அதன் பின்னரே மேற்பகுதியைப் பின்னே இழுத்துக் குழலுக்குள் ரவை இருக்கின்றதா என்று கண்ணாலும் விரலாலும் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது. கூட்டைக் கழற்றாமல் மேற்பகுதியை இழுத்துவிட்டுப் பிறகு கூட்டைக் கழற்றுபவர் வெறுந்துவக்கு என்று எண்ணிக்கொள்வார். குழலிலோ புதிய ரவை ஒன்று போய் அமர்ந்திருக்கும். கூட்டைக் கழற்றினால் வெடிக்காதபடி அமைத்த பிஸ்டல்களும் உண்டு. பிறவுனிங் ஹை-பவர் அத்தகையது. அப்படி அமையாதவை ஏராளம். உலகெங்கும் “வெறுந்துவக்கு” என்று நம்பப்பட்ட துவக்குகளே எத்தனையோ பேரைக் கொன்றிருக்கின்றன.

ஆகவே “சிக்கலை எடுத்தபோது வெடித்தது” என்பவர் தம்மை அறியாமலே இரண்டை ஒப்புக்கொள்கின்றார். விரல் விசையில் இருந்திருக்கக்கூடும் என்பது ஒன்று. குழல் ஒரு மனிதனை நோக்கி இருந்தது என்பது மற்றொன்று. முதலாவது தவறுதலாக இருக்கலாம். இரண்டாவது?

இன்னொன்று. அரைத்தானியங்கி என்னும் சொல்லிலேயே ஒரு சாட்சியம் அடங்கிக் கிடக்கின்றது. விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு வேட்டு. அடுத்த வேட்டுக்கு விரலைத் தளர்த்தி மறுபடி இழுக்க வேண்டும். மூன்று வேட்டு எழுந்தால் மூன்று முறை இழுக்கப்பட்டிருக்கின்றது. சுத்தியலைப் பற்றி நிற்கும் பிடிபல் தேய்ந்துபோனால் ஒரே இழுப்பில் இரண்டு மூன்று பாயும் பழுதும் அபூர்வமாக உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தேய்வு உருக்கிலே எழுதியிருக்கும். பெருக்குக்கண்ணாடிக்கு அது ஒளிக்க முடியாது. பழுது இருந்தால் நிபுணர் காண்பார். காணாவிட்டால் “தற்செயல்” என்பதற்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும்: முதல் வேட்டுத் தற்செயல், இரண்டாவது என்ன, மூன்றாவது என்ன?

1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் காந்தியடிகளைக் கொன்றது ஓர் இத்தாலியப் பெறெட்டாப் பிஸ்டல், அரைத்தானியங்கி. அதற்குப் பத்து நாட்களுக்கு முன்னர், அதே சதிகாரர் டில்லியிலே மரங்களுக்கிடையில் நின்று இரண்டு றிவோல்வர்களைச் சோதித்துப் பார்த்ததும், அவற்றுள் ஒன்று சரிவர இயங்காததும், மற்றையதன் குண்டு குறித்த மரத்தை எட்டாததும், செங்கோட்டை விசாரணையிலே சாட்சியமாக வந்தன. பின்னர்க் குவாலியரிலே தேடிப் பெற்றதே அந்தப் பிஸ்டல். கொலை நடந்ததோ பிரார்த்தனைக் கூட்டத்திலே, பட்டப் பகலிலே, பல நூறு கண்களின் முன்னாலே. சுட்டவன் பிடிபட்டான், சுட்டது தானே என்றும் சொன்னான். அப்படியிருந்தும் நீதிமன்றம் என்ன செய்தது? பிஸ்டலின் இலக்கத்தைப் பதிந்தது. அது எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்று தேடியது. பொறுக்கிய வெற்றுக்கோதுகளும் குண்டுகளும் அதே பிஸ்டலிலிருந்து புறப்பட்டவைதானா என்று நிபுணரைக் கூண்டிலேற்றிக் கேட்டது. ஐயமே இல்லாத வழக்கில் அத்தனை ஆராய்ச்சி. ஐயமே நிறைந்த வழக்குகளிலே நமக்கு மூன்று சொற்கள்!

வெற்றுக்கோது சிறிய பொருள். ஆனால் ஊசியின் தடமும், கொக்கியின் கீறலும், தட்டியெறிந்த முளையின் வடுவும் அதன் மேலே பதிந்திருக்கும். எந்தத் துவக்கு என்று அது சொல்லும். அது விழுந்து கிடந்த இடம், சுட்டவர் ஏறத்தாழ எங்கே நின்றார் என்பதற்குத் துணைச் சான்று தரும். வீதியைக் கழுவியும் கோதைப் பொறுக்கியும் ரவைக்கூட்டை மாற்றியும் முடிந்த பின்னர் நீதவான் வந்து என்ன காண்பார்?

இவ்வளவும் எழுதியதைப் படித்து, நாம் கீழ்மட்டப் பொலிஸ்காரரைத் தூக்குமேடைக்கு அனுப்பத் துடிக்கின்றோம் என்று கருதுவாருமுளர். நாம் அவருடைய பக்கத்தையும் பேசுகின்றோம் என்பதை அவர்கள் காணவில்லை. துவக்கின் குற்றத்தைக் கையின் தலையில் கட்டுவதே உலகத்து அதிகாரிகளின் பழைய வழக்கம். 1966, 1967 ஆண்டுகளில் வியட்னாமிலே அமெரிக்கப் படைவீரரின் எம்-16 றைபிள்கள் சண்டையின் நடுவிலே சிக்கிக்கொண்டன. வெற்றுக்கோது குழலைவிட்டு வெளியேற மறுத்தது. வீரர்கள் துடைக்கவில்லை என்றனர் மேலிடத்தார். அமெரிக்கக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபை, இக்கோர்டு என்னும் உறுப்பினர் தலைமையிலே ஒரு துணைக்குழுவை அமைத்தது. 1967இல் அக்குழு கண்டது வேறு. ரவையின் வெடிமருந்து வகை போதிய சோதனையின்றி மாற்றப்பட்டிருந்தது. துருவைத் தடுக்கும் குரோமியப் பூச்சு குழலின் அறைக்கு இடப்படவில்லை. துடைக்கும் கருவிகளே வீரர்களுக்குப் போதியளவு வழங்கப்படவில்லை. துடைக்கத் துணியும் தண்டும் கொடாமல், துடைக்கவில்லை என்று பழி சொன்னார்கள்! அந்தக் கவனக்குறைவு குற்றத்தின் எல்லையைத் தொட்டு நின்றதாகவே அக்குழு எழுதிற்று.

ஈராக்கிலே அதே படையின் எம்-9 பிஸ்டலுக்கு வந்த நோயும் இத்தகையதே. பாலைவனத்து நுண்மணல் ரவைக்கூட்டுக்குள் ஒட்டிக்கொண்டு ரவை ஏறாமற் செய்தது. தேடிப் பார்த்தால், கூட்டின் உட்புறத்துக்குச் சொரசொரப்பான பூச்சு இட வேண்டும் என்று கொள்வனவுப் பத்திரத்திலே எழுதியதே அரசாங்கந்தான். நம் அயலிலே 2005ஆம் ஆண்டு நேபாளத்துக் காளிகோட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட படையினர் மாண்டபோது, இந்தியா வழங்கிய இன்சாஸ் றைபிள்கள் செயலிழந்தன என்று நேபாளப் படை குறைகூற, சரியாகக் கையாளவில்லை என்று இந்தியத் தரப்பு விடையிறுத்தது. மாண்டவர் எதிர்வாதம் செய்ய வரவில்லை.

தானாக வெடித்தது என்னும் வாதமும் எப்போதும் பொய்யன்று. அமெரிக்காவிலே சிக் சவர் நிறுவனத்தின் பி-320 பிஸ்டல் கீழே விழும்போது சில கோணங்களில் வெடிக்கக்கூடும் என்பது 2017இல் வெளிவந்தது. நிறுவனம் இலவசமாக மாற்றம் செய்து கொடுக்க முன்வந்தது. விசையைத் தொடாமலே வெடித்தது என்று பலர் தொடுத்த வழக்குகளை நிறுவனம் மறுத்தே வந்தது. ஆயினும் 2024இல் ஜோர்ஜியாவில் ஒரு யூரிச் சபையும் பிலடெல்பியாவில் ஒரு யூரிச் சபையும் காயம்பட்டவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. பிலடெல்பியாவில் விதித்த தொகை 1 கோடியே 10 இலட்சம் டொலர். அந்த யூரிமார் சொல்லை நம்பித் தீர்ப்பளிக்கவில்லை. பிஸ்டலைக் கழற்றி, பாகம் பாகமாக விளக்கிய நிபுணர்களைக் கேட்டுத் தீர்ப்பளித்தார்கள். நம் நாட்டுப் பொலிஸ்காரர் ஒருவர் உண்மையிலேயே பழுதான துவக்கோடு கடமைக்கு அனுப்பப்பட்டிருந்தால், பரிசோதனையொன்றுதான் அவரைக் காப்பாற்றும். பரிசோதனை நடவாவிட்டால் தப்புபவர் அவரல்லர்; பழுதான துவக்கை அவர் கையிலே கொடுத்தவரே.

சட்டம் என்ன சொல்கின்றது? 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 73ஆம் பிரிவு தற்செயலை மன்னிக்கின்றது. ஆனால் எத்தகைய தற்செயலை? சட்டபூர்வமான செயலை, சட்டபூர்வமான முறையில், சட்டபூர்வமான வழியால், தக்க கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்யும்போது, குற்ற எண்ணமின்றி நேர்ந்த தற்செயலை. கோவை காட்டும் உதாரணமோ நம் ஊர் விறகு கொத்துபவருக்கும் விளங்கும்: ஒருவன் கோடரியால் வேலை செய்கின்றான்; கோடரித் தலை கழன்று பறந்து அருகில் நின்றவனைக் கொன்றுவிடுகின்றது; எச்சரிக்கையில் குறைவு இருந்திராவிட்டால் அவன் குற்றவாளியல்லன். இருந்திராவிட்டால்! கோடரியின் பிடி ஆடுவதை நேற்றே கண்டும் ஆப்பு இறுக்காமல் ஓங்கியவனுக்கு இந்தப் பிரிவு குடைபிடிக்காது. தக்க கவனம் இருந்ததா என்பதைக் கோடரியைப் பார்க்காமல் எப்படித் தீர்மானிப்பது?

நிரூபிக்கும் பாரம் யார் மேலது என்பதிலும் ஐயமில்லை. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 105ஆம் பிரிவிலே, விதிவிலக்கைக் கோருபவரே அதற்குரிய நிலைமையை நிரூபிக்க வேண்டும் என்கின்றது. 106ஆம் பிரிவிலே, ஒருவருடைய விசேட அறிவுக்கு உட்பட்ட விடயத்தை அவரே நிரூபிக்க வேண்டும் என்கின்றது. ஆயுதக் களஞ்சியத்துப் புத்தகத்திலே என்ன எழுதியிருக்கின்றது என்பது சுடப்பட்டவரின் தாய்க்குத் தெரியுமா? தற்செயல் நிரூபிக்கப்படாதபோதும், கொல்லும் எண்ணம் காணப்படாதபோதும், வழக்கு அத்தோடு தீர்ந்துவிடாது. பொறுப்பற்ற அல்லது கவனமற்ற செயலால் மரணம் விளைவித்தல் என்னும் 298ஆம் பிரிவு இருக்கின்றது. வாகனம் ஓட்டுபவர் மீது நாள்தோறும் பாயும் பிரிவு அது. விசையை இழுத்தவரைக் கண்டால் மட்டும் அது ஏன் வெட்கப்பட வேண்டும்?

குளப்பிட்டியை மறந்துவிட்டோமா? 2016 ஒக்ரோபர் 20ஆம் நாள் இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மாணவர் இருவர் மோட்டார் சைக்கிளிலே சென்றபோது மாண்டார்கள். முதலிலே அது வீதி விபத்து என்றே சொல்லப்பட்டது. உடலிலே சூட்டுக்காயம் உண்டு என்று வைத்தியப் பரிசோதனை காட்டிய பின்னரே பொலிஸ் உத்தியோகத்தர் ஐவர் கைதாகினர். அடுத்த ஆண்டு ஜூலையிலே நம் வடமராட்சியின் மணற்காட்டுப் பக்கத்திலே மணல் வாகனம் ஒன்றின் மீது பொலிசார் சுட்டதில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். மணல் கடத்தல் குற்றந்தான். நம் கரையைத் தின்னும் குற்றம். அதற்குத் தண்டனை எது என்பதைத் தீர்மானிப்பவர் நீதவான்.

இது தமிழர் வீட்டுத் துயரம் மட்டுமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013இல் வெலிவேரியாவில் குடிநீர் கேட்டவர்கள் மேலும், 2022இல் றம்புக்கனையில் எரிபொருள் கேட்டவர்கள் மேலும் வேட்டுகள் பாய்ந்தன. மாண்டவர் சிங்கள மக்கள். அந்த ஊர்த் தாய்மாரும் எந்தத் துவக்கு, யாருடைய கட்டளை, எத்தனை ரவை என்றுதான் கேட்டார்கள். இந்தக் கோரிக்கையிலே தெற்கும் வடக்கும் கைகோக்க இடமுண்டு. கோக்காதது இரு பக்கத்துத் தலைவர்களின் சோம்பல்.

நம் கோரிக்கை பெரிதன்று. புதிய சட்டமும் வேண்டியதில்லை. பொலிஸ் சூட்டிலே எவரேனும் மாண்டால் அல்லது காயம்பட்டால், அந்தத் துவக்கு, அதன் ரவைக்கூடு, மிஞ்சிய ரவைகள், வெற்றுக்கோதுகள் யாவும் நீதவான் பார்வையிலே முத்திரையிடப்பட வேண்டும். சுட்டவர் சார்ந்த நிலையத்தின் பொறுப்பிலே ஓர் இரவுகூட இருத்தலாகாது. அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்திடம் “இது வெடிக்கக்கூடிய துவக்கா?” என்ற ஒற்றைக் கேள்வி மட்டும் அனுப்பப்படலாகாது. விசையை இழுக்க எவ்வளவு பலம் வேண்டியிருக்கின்றது, காவற்பூட்டு வேலை செய்கின்றதா, கீழே விழுந்தால் வெடிக்குமா, பிடிபல் தேய்ந்துள்ளதா, ரவைக்கூட்டின் உதடும் வில்லும் எந்நிலையில் உள்ளன என்று வரிசையாகக் கேட்க வேண்டும். கேட்காத கேள்விக்கு எந்த நிபுணரும் விடை எழுத மாட்டார். சட்டத்தரணிகளாகிய நம்மவர் இதிலே சோம்பியிருக்கின்றோம் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். அறிக்கை வரும், “இயங்கும் நிலையில் உள்ளது” என்று ஒரு வரி இருக்கும், நாமும் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம். இயங்கும் நிலையில் உள்ள துவக்கு எப்படித் தானாக இயங்கிற்று என்று எழுந்து கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

மூன்றாவதாக அந்தப் புத்தகம். எந்தத் துவக்கு, எந்த நாள், யாருக்கு வழங்கப்பட்டது, எத்தனை ரவை போனது, எத்தனை திரும்பியது, எப்போது துடைக்கப்பட்டது, யார் பழுது முறையிட்டார், அம்முறைப்பாட்டுக்கு என்ன நடந்தது. நீதிமன்றத்தின் கட்டளையாலே இவற்றை வருவிக்கலாம். வருவிக்கச் சொல்லியும் வராவிட்டால், வந்திருந்தால் வைத்திருப்பவருக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கவும் சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு நீதிபதிக்கு இடந்தருகின்றது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும் இருக்கின்றது. தேசியப் பாதுகாப்பு என்று கதவைச் சாத்துவார்கள் என்பது நமக்குத் தெரியும். எந்த எல்லையில் எத்தனை பீரங்கி நிற்கின்றது என்று நாம் கேட்கவில்லை. ஒரு மனிதனைக் கொன்ற ஒரு பிஸ்டலைக் கடைசியாக எந்தத் திகதியில் துடைத்தீர்கள் என்று கேட்கின்றோம். அதை அறிந்து எந்தப் பகைவன் நாட்டைப் பிடித்துவிடப் போகின்றான்?

2024ஆம் ஆண்டின் இறுதியிலே, தற்பாதுகாப்புக்கென உரிமம் பெற்ற குடிமக்கள் தம் துவக்குகளை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சு பணித்தது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்கும் கடமையும் குடிமக்களுக்கு உண்டு. நல்லது, குடிமகனின் துவக்கு கணக்குக்கு உட்பட்டதாகவே இருக்கட்டும். வன்னிப் பெரியவர் தம் கணக்கை ஒப்புவித்துவிட்டுப் போய், இப்போது இரவிலே தகரம் தட்டிப் பன்றி கலைக்கின்றார்.

இத்தகைய வழக்கு எதிலும் பாதிக்கப்பட்டவருக்காக நாம் இனி எழும்போது, முதல் விண்ணப்பமாக ரவைக்கூட்டின் இலக்கத்தைக் கேட்பதென்று முடிவு செய்திருக்கின்றோம். இலக்கமே இடப்படவில்லை என்று விடை வருமாயின் அதுவும் பதிவேட்டில் ஏறட்டும். வடக்கிலும் கிழக்கிலும் தொழில் செய்யும் நம் சகோதரச் சட்டத்தரணிகள் தம்மிடமுள்ள பகுப்பாய்வு அறிக்கைகளை எடுத்து, அந்த ஒரு வரியை மறுபடி வாசித்துப் பார்ப்பார்களாக. அவற்றின் பிரதிகளைப் பெயர்களை நீக்கி நமக்கு அனுப்பினால், எத்தனை வழக்குகளிலே எந்தக் கேள்வி கேட்கப்படாமற் போயிற்று என்பதை இப் பத்தியிலேயே வரிசைப்படுத்தி வெளியிடுவோம்.